பிக்கப் கட் அடிக்கும்போது வரும் 'டொக்' சத்தம்

நேராகப் போகும்போது வண்டியில் ஒரு சத்தமும் இருக்காது. வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்ததும் காலுக்குக் கீழே 'டொக்' என்று ஒரே ஒரு அடி. அப்புறம் ஒன்றும் இல்லை. அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம் ஒடித்தால் மறுபடி 'டொக்'. கம்பம் பக்கம் பிக்கப் ஓட்டுகிறவர்கள் பலருக்கும் இது பழகின சத்தம். தேசிய நெடுஞ்சாலை 183 லோயர் கேம்ப் வரைக்கும் சாதுவாக வந்து, அங்கிருந்து குமுளி வரை வளைந்துகொண்டே ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலேயே ஓடுகிற வண்டிக்கு முன்சக்கரத்துச் சாமான்கள்தான் முதலில் தேயும்.

என் வண்டியில் இந்தச் சத்தம் வந்தபோது பெரிய சாமானை மாற்றியும் போகவில்லை. கடைசியில் பிடிபட்டது கைக்குள் அடங்குகிற ஒரு ஜாயின்ட். ஆனால் அது இறக்கத்தில் கழன்றிருந்தால் முன்சக்கரம் மடங்கியிருக்கும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தேனி மாவட்டத்துக் கூடலூர். கம்பம் மார்க்கெட்டில் காய்கறி, சீசனில் பன்னீர் திராட்சை, சின்னமனூர்ப் பக்கத்து வாழைத்தார் என்று ஏற்றிக் குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனைக் கடைகளுக்குப் போடுகிறேன். ஏறும்போது லோடு, இறங்கும்போது பெரும்பாலும் காலி வண்டி. வண்டியின் முன்பக்கம் பட்டை (இரும்புப் பட்டைகளை அடுக்கின ஸ்பிரிங்) கிடையாது. சக்கரத்தைச் சேசிஸோடு சேர்க்கிற ஆர்ம் மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, டார்ஷன் பாரில், அதாவது முறுக்கினால் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிற கம்பியில் நிற்கிற ரகம். பின்னால் வழக்கமான பட்டை. முன்சக்கரத்துக்கு டிரைவ் இல்லை. இதையெல்லாம் சொல்லக் காரணம், சத்தத்தைத் தேடும் முறை வண்டியின் அமைப்புக்குத் தகுந்தபடி மாறும்.

சத்தம் முதலில் கேட்டது ஐப்பசி மழை முடிகிற சமயம். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக் கூட்டத்துக்காக ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். மேலே போகக் கம்பம்மெட்டு, இறங்கக் குமுளி. கம்பம்மெட்டு ரோட்டில் வளைவு நெருக்கம், அகலமும் குறைவு. அங்கே ஏறும்போது எஞ்சின் இரைச்சலில் எதுவும் காதில் விழாது. குமுளி இறக்கத்தில், காலி வண்டியில், இரண்டாவது கியரில் மெதுவாக வரும்போது தெளிவாகக் கேட்கும். இடது வளைவில் கொஞ்சம் அதிகம். ஸ்டீரிங்கில் கைக்கு எதுவும் தெரியாது, காலடித் தகட்டில்தான் அதிர்வு தெரியும். எனக்கு இடப்பக்கம், கிளீனர் சீட்டுக்குக் கீழே அடிக்கிற மாதிரி இருந்தது.

ஒரு பட்டறையில் காட்டினேன். சேசிஸுக்குக் கீழே ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். "ஆட்டம் ஒண்ணும் இல்லண்ணே, ஷாக் அப்சார்பர் போயிருச்சு" என்று முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். பில் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த இறக்கத்தில் இரைச்சல் பாலம் என்கிற இடத்தைத் தாண்டுவதற்குள் அதே 'டொக்'. பழைய ஷாக் அப்சார்பர்களை வாங்கி வந்திருந்தேன், வீட்டில் வைத்து அழுத்திப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை, இழுவையும் நன்றாகத்தான் இருந்தது. மாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதன் பிறகு நானே உட்கார்ந்து யோசித்தேன். முன்னால் ஒரு காலத்தில் பட்டறையில் கைவேலைக்கு இருந்தவன் நான். அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம், சத்தம் எங்கே வருகிறது என்று தேடுவதற்கு முன்னால், எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான். சேசிஸ் முழுக்க இரும்பு. வலப்பக்கம் அடிக்கிற அடி இடப்பக்கம் கேட்கும், பின்னால் அடிப்பது முன்னால் கேட்கும். காதை நம்பி சாமான் வாங்கினால் காசுதான் போகும்.

வண்டி நிற்கும்போதே ஸ்டீரிங்கைத் திருப்பினால் சத்தம் வருகிறதா? வந்தால் சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனையான டைராடு எண்டு, ஸ்டீரிங் கம்பியில் இருக்கிற கிராஸ் (கோணம் மாறினாலும் சுற்றைக் கடத்துகிற மூட்டு), ஸ்டீரிங் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டு, இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீரிங் கிராஸ் என்றால் பெரும்பாலும் கைக்கே தெரிந்துவிடும். முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வைத்த சின்ன ட்ரக்குகளில் மேலே இருக்கிற மவுண்ட் பேரிங் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் முறுக்கி விடுபடும்போதும் சத்தம் வரும். அதுவும் நின்ற இடத்திலேயே கேட்கும்.

கிளட்ச் விடும்போது, ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது 'டக்' என்றால் அது திரும்புவதால் வருகிற சத்தமே இல்லை. கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைப் பார்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் நாம் ஸ்டீரிங்கை ஒடித்துக்கொண்டே கியரும் மாற்றுவதால் இரண்டும் ஒன்றாகத் தோன்றும். சமதளத்தில், கியரைத் தொடாமல், வட்டமாக ஓட்டிப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

திரும்பும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் சத்தம் நிற்கிறதா, மாறுகிறதா என்று பார்ப்பதும் நல்லது. மாறினால் பிரேக் பேடையும், அதை அழுத்துகிற காலிப்பரின் பின்னையும் (ஆணி) பார்க்க வேண்டும்.

முன்சக்கர டிரைவ் இருக்கிற வண்டி என்றால் 'டொக்' ஒரு தடவையோடு நிற்காமல், 'டிக் டிக் டிக்' என்று சக்கரம் சுற்றும் வேகத்துக்கு வரும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடும். அது ஆக்சில் ஷாஃப்ட் ஜாயின்ட். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஃபோர் வீல் ஜீப்புகளில் இன்னொன்று உண்டு. தோட்டத்துச் சேற்றில் போட்ட ஃபோர் வீலை எடுக்காமல் அப்படியே தார் ரோட்டில் ஏறி வளைத்தால் வண்டி 'கட் கட்' என்று உலுக்கும். திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஓடுகிற தூரம் ஒன்றல்ல. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும், தாரில் வழுக்க முடியாமல் கியர்களில் முறுக்கு ஏறுகிறது. சாமான் எதுவும் கெட்டிருக்காது, லிவரை டூ வீலுக்குத் தள்ளினால் போதும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால்தான் கெடும்.

பின்பக்கத்தையும் விடக்கூடாது. பட்டையைப் பிடித்திருக்கிற யூ போல்ட்டு தளர்ந்திருந்தால், வளைவில் ஆக்சில் நகர்ந்து 'டங்' என்று அடிக்கும். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டு முறிந்தாலும் அப்படித்தான். சென்டர் போல்ட்டு முறிந்த வண்டியைப் பின்னால் இருந்து பார்த்தால் ஒரு பக்கச் சக்கரம் கொஞ்சம் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி இருக்கும், வண்டி ரோட்டில் கோணலாகப் போகும். ஸ்டெப்னி மாட்டுகிற சங்கிலி, சீட்டுக்குப் பின்னால் போட்ட ஜாக்கி, வீல் நட்டு, பாடி போல்ட்டு, இதையெல்லாம் முதலிலேயே இறுக்கிப் பார்த்துவிட வேண்டும். அதற்குக் காசு செலவு இல்லை.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு என் வண்டியில் மிச்சம் இருந்தது மூன்று இடம்: வண்டி வளைவில் சாயாமல் பிடிக்கிற கம்பியை ஆர்மோடு சேர்க்கிற ஸ்டெபிலைசர் லிங்க், ஆர்ம் சேசிஸில் மாட்டுகிற இடத்து ரப்பரான ஆர்ம் புஷ், ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கிற பால் ஜாயின்ட்.

மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு நெல் களத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். சமதளம் முக்கியம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, எஞ்சினை ஐடிலில் விட்டு, மச்சானை ஸ்டீரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக, வேகமில்லாமல் ஆட்டச் சொன்னேன். சக்கரம் தரையிலேயே இருக்க வேண்டும். நான் பக்கவாட்டில் படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சத்தம் எந்த மூட்டில் பிறக்கிறதோ அங்கே கைக்கு 'டக்' என்று ஒரு அடி விழும், தள்ளி இருக்கிற இடத்தில் வெறும் அதிர்வுதான் தெரியும். காதைவிடக் கை துல்லியம். விரலை ஆர்முக்கும் சேசிஸுக்கும் நடுவில் மட்டும் விடக்கூடாது.

டைராடு எண்டு நான்கும் சுத்தம். ஸ்டீரிங் கிராஸ் சுத்தம். இடப்பக்க ஸ்டெபிலைசர் லிங்க்கில் ரப்பர் புஷ் கிழிந்து, கையால் ஆட்டினாலே ஆடியது. அதை மாற்றினேன். கம்பத்திலேயே கிடைக்கிற, விலை குறைந்த சாமான். சத்தம் பாதியாகக் குறைந்தது. பாதி சத்தம் அப்படியே நின்றது.

இந்த இடத்தில் பலர் "குறைஞ்சிருச்சே, போதும்" என்று ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஓட்டக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். பழைய வண்டியில் ஒரே சமயத்தில் இரண்டு சாமான் தேய்ந்திருப்பது சாதாரணம். முதலில் கிடைத்தது லேசான கோளாறாக இருந்து, மிச்சம் இருப்பது ஆபத்தானதாக இருக்கலாம். என் வண்டியில் அதுதான் நடந்தது.

குமுளியில் லோடு இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் நிறுத்தினேன். அங்கே இருக்கிற பெரியவரை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஜீப்புகளிலேயே கை ஊறினவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஜாக்கி எங்க வச்சுப் பார்த்தாங்க?"

"சேசிஸ்லதான் ஆசானே."

"அப்படி வச்சா ஒண்ணும் தெரியாது."

அவர் ஜாக்கியை வலப்பக்கத்துக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கொடுத்தார். டயர் தரையை விட்டு ஒரு விரற்கடை தூரம் எழுந்ததும் நிறுத்தினார். சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டும் வைத்துக்கொண்டார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காத ஆள். பிறகு நீளமான டயர் லிவரை டயருக்கு அடியில் விட்டு மெதுவாக நெம்பினார். டயர் மேலே எழும்பி 'டொக்'. லிவரை விட்டதும் கீழே இறங்கி 'டொக்'. இறக்கத்தில் நான் கேட்ட அதே சத்தம். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நெம்பும்போது ஆர்ம் அசையவில்லை, சக்கரம் மாட்டியிருக்கிற நக்கிள் மட்டும் எழுந்து உட்கார்ந்தது. கீழ் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை ஓரத்தில் கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதில் செம்மண் நிறத்தில் துருத் தண்ணீர்.

இடது வளைவில் சத்தம் அதிகம் என்று சொன்னேன் இல்லையா, அதற்கும் கணக்கு சரியாக வந்தது. இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரத்துக்குத்தான் சாய்கிறது. எனக்கு இடப்பக்கம் கேட்டதெல்லாம் சேசிஸ் கடத்திவந்த சத்தமும், கிழிந்த லிங்க் புஷ்ஷும்.

முதல் பட்டறையில் ஆட்டம் ஏன் தெரியவில்லை? இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பால் ஜாயின்ட் என்பது பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இடுப்பு எலும்புக்குச் சொல்கிற பந்துக் கிண்ண மூட்டு மாதிரிதான். கிண்ணத்துக்குள் உருண்டை. சக்கரம் மேலும் கீழும் போகவும், இடமும் வலமும் திரும்பவும் அந்த ஒரு உருண்டை போதும். கிண்ணம் தேய்ந்தால் உருண்டைக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. என் வண்டியில் டார்ஷன் பார் கீழ் ஆர்மை எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். சேசிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் சக்கரம் தொங்கும், ஆனால் பாரின் அழுத்தம் போகாது. மேல் ஆர்ம் ஸ்டாப்பரில் முட்டி நிற்க, கீழ் ஆர்ம் நக்கிளைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். அந்த இழுப்பில் உருண்டை கிண்ணத்தின் ஒரு பக்கமாக ஒட்டி நிற்பதால் எவ்வளவு ஆட்டினாலும் ஆட்டம் தெரியாது. கீழ் ஆர்முக்கே ஜாக்கி கொடுத்தால் அந்த அழுத்தத்தை ஜாக்கி வாங்கிக்கொள்கிறது. ஜாயின்ட் சும்மா ஆகிறது, தேய்மானம் அப்படியே வெளியே வருகிறது. கீழ் ஆர்மில் காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற வண்டிக்கும் இதே முறைதான்.

முன்பக்கம் பட்டை வைத்த பிக்கப் என்றால் பால் ஜாயின்ட் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கிங் பின், அதாவது சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கிற தடித்த ஆணி இருக்கும். அதில் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்து, சக்கரத்தைக் கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட வேண்டும். மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங், போகாவிட்டால் கிங் பின். 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டினால் தெரிவது பெரும்பாலும் டைராடு எண்டின் ஆட்டம்.

மாற்றும் வேலை பெரிய வேலை இல்லை. என் வண்டியில் பால் ஜாயின்ட் தனியாகப் போல்ட்டுகளில் மாட்டுகிற ரகம். சில வண்டிகளில் ஆர்மில் அழுத்திப் பொருத்தியிருக்கும், பிரஸ் தேவைப்படும். சிலவற்றில் ஆர்மோடு சேர்த்தே வாங்க வேண்டும். நக்கிளில் கூம்பாக இறுகியிருக்கிற தண்டைக் கழற்றத்தான் பொறுமை வேண்டும். ஆசான் புல்லர் போட்டு இறுக்கி, நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார், 'பட்' என்று விடுபட்டது. கேஸ் வைத்துச் சூடு காட்டவில்லை. புதுசு மாட்டியதும், காடி வெட்டிய நட்டில் ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை. நட்டைத் தளர்த்தி நேராக்காமல், இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கினார். பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடவும் இல்லை.

வலப்பக்கம்தான் போயிருந்தது என்றாலும் இடப்பக்கத்தையும் மாற்றிவிட்டேன். இரண்டும் ஒரே ரோட்டில் ஒரே மழையில் ஓடியவை. பழைய ஜாயின்ட்டை வெல்டிங் வைத்தோ, உள்ளே எதையாவது திணித்தோ இறுக்கித் தருகிறோம் என்று சொல்கிற இடங்கள் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வண்டியின் முன்பக்க எடையில் ஒரு பாதி அந்த உருண்டையில்தான் நிற்கிறது.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் புது ஜாயின்ட் இருந்தும் டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஒரு லோடு ஏற்றி இறக்கிய பிறகு போல்ட்டுகளை மறுபடி ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். புதிய ஜாயின்ட்டில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. மழைக்காலத்தில் தோட்டத்து ரோடுகளில் சக்கரம் முங்குகிற அளவு செம்மண் தண்ணீர் நிற்கும், தென்மேற்கு மழையும் அங்கே உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அதனால் கிரீஸ் அடிக்கும்போதெல்லாம் ரப்பர் உறையை விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறேன். தேய்மானம் அந்த உறை கிழிவதில்தான் தொடங்குகிறது. உறை கிழிந்த அன்றைக்குச் சத்தம் வராது, சத்தம் வரும்போது கிண்ணம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.

நண்பர்கள் கேட்கிற கேள்வி, சத்தம் இருக்கும்போது வண்டியை ஓட்டலாமா என்பது. லிங்க் புஷ் கிழிந்ததுதான் என்று கையால் பார்த்து உறுதி செய்திருந்தால், மெதுவாகப் பட்டறை வரை போகலாம். கீழ் பால் ஜாயின்ட்டில் லிவர் வைத்து நெம்பும்போது கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால், லோடு ஏற்றக்கூடாது, மலை இறங்கவே கூடாது. உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கி, அந்த மூலை ரோட்டில் உட்கார்ந்துவிடும். ஸ்டீரிங் கையில் இருந்தும் பயன் இருக்காது. குமுளியில் இருக்கும்போது தெரிந்தால் குமுளியிலேயே நிறுத்தி மாற்றுங்கள். சாமான் அங்கே கிடைக்காவிட்டால், கம்பத்திலிருந்து மேலே வருகிற பஸ்ஸில் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். காலையில் சொன்னது மத்தியானத்துக்குள் வந்துவிட்டது, சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.